மஞ்சள் ஏறுமுன் ஓர் எச்சரிக்கை: சிங்கப்பூர்க் குழந்தைகளின் மூளையைக் காத்த சோதனை



புக்கிட் மேரா என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? அநேகமாக வாள்மீன் கதைதான். கடற்கரையில் வாள்மீன்கள் பாய்ந்து மக்களைக் குத்துகின்றன. வாழைத்தண்டுகளை வேலியாக நட்டால் மீன்கள் அதில் குத்திச் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் யோசனை சொல்கிறான். ஊர் பிழைக்கிறது. அவனுடைய அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனைக் கொல்லச் சொல்கிறான். அந்த ரத்தத்தில்தான் மலை சிவந்ததாம். தொடக்கப்பள்ளியிலேயே கேட்டிருப்பீங்க.

அதே புக்கிட் மேரா வட்டாரத்தில், ஊட்ரம் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்தில், இன்னொரு வரலாறு இருக்கிறது. இது மரபுக்கதை இல்லை. ஆண்டும் ஆதாரமும் உள்ளது. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை 1882இல் அங்கே வந்தது. இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு முன்பு அங்கே இருந்ததால் அந்த இடத்துக்குச் ‘சிப்பாய் லைன்’ என்று பெயர். சோடா வியாபாரத்தில் செல்வம் சேர்த்த பார்சிக்காரர் நவ்ரோஜி மிஸ்திரி, ஏழைக் குழந்தைகளுக்கான சிகிச்சைப் பிரிவு கட்ட 1952இல் 950,000 வெள்ளி கொடுத்தார். ‘மிஸ்திரி விங்’ என்ற அந்தக் கட்டடம் 1955இல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இங்குள்ள குழந்தை மருத்துவர்களைத் தூங்கவிடாமல் செய்த நோய் ஒன்று உண்டு. அதன் பெயர் கெர்னிக்டெரஸ்.

இந்தக் கட்டுரை அந்த நோயைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, ஒரு கேள்வியைப் பற்றியது. குழந்தையின் மூளை திடீரென்று கடுமையாகப் பாதிக்கப்படும்போது பெற்றோர் கேட்பது இதுதான்: “பிள்ளை பிழைக்குமா? பிழைத்தால் நடக்குமா, பேசுமா, காது கேட்குமா?” மருத்துவர் சொல்லும் பதிலுக்கு ‘முன்கணிப்பு’ என்று பெயர். அந்த முன்கணிப்பு எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தே அது பயன்படுமா, வீணாகுமா என்பது அமைகிறது. சிங்கப்பூர் இதை எப்படிக் கற்றுக்கொண்டது என்று பார்ப்போமா?

மஞ்சள் மூளைக்குள் போவது எப்படி?

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது சாதாரணம். நம் வீடுகளிலும் “புள்ளைக்கு மஞ்சளா இருக்குது” என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகிறது. பெரியவர்களின் கல்லீரல் அதை உடனுக்குடன் வெளியேற்றிவிடும். பச்சிளங் குழந்தையின் கல்லீரல் அந்த வேலைக்கு இன்னும் முழுதாகப் பழகவில்லை. அதனால் சில நாள் மஞ்சள் தெரியும், பிறகு தானாகக் குறையும்.

ஆனால் சில குழந்தைகளிடம் சிவப்பணுக்கள் மிக வேகமாக உடைகின்றன. ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் பிலிருபினைப் பிடித்து வைத்திருக்கும். அது தாங்கும் அளவுக்கு மேலே போனால், மிச்சமான பிலிருபின் மூளைக்குள் கசிகிறது. மூளையின் ஆழத்தில், உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதிகளிலும் செவிப்புலனுக்கான பகுதிகளிலும் போய்ப் படிகிறது.

1875இல் ஜெர்மானிய மருத்துவர் யோஹான்னஸ் ஓர்த், இறந்த ஒரு குழந்தையின் மூளையில் இந்த மஞ்சள் கறையைக் கண்டு பதிவு செய்தார். 1904இல் இன்னொரு ஜெர்மானியரான கிறிஸ்டியான் ஷ்மோர்ல் இதற்குக் கெர்னிக்டெரஸ் என்று பெயரிட்டார். ‘கெர்ன்’ என்றால் ஜெர்மன் மொழியில் கரு. ‘இக்டெரஸ்’ என்றால் காமாலை. மூளையின் உள்கருக்களில் ஏறிய காமாலை என்று பொருள். பெயரே நோயை விளக்கிவிடுகிறது, இல்லீங்களா?

படுக்கையருகே நின்று கணித்த காலம்

நோய் தொடங்கும்போது குழந்தை சோர்ந்துபோகும். பால் உறிஞ்சாது. கை கால் துவண்டு கிடக்கும். அடுத்த கட்டத்தில் உடம்பு விறைக்கும், முதுகு வில்லைப்போல் பின்னால் வளையும், காய்ச்சல் வரலாம், அழுகை கீச்சென்று கேட்கும். இந்தக் கட்டத்தைப் பார்த்த அனுபவமுள்ள மருத்துவருக்கு முடிவு தெரிந்துவிடும். சில குழந்தைகள் இறந்துபோவார்கள். பிழைப்பவர்களில் பலருக்குக் கை கால் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் பெருமூளை வாதம் வரும். காது கேளாமல் போகலாம். கண்ணை மேல்நோக்கி உயர்த்த முடியாது.

இங்கேதான் ஒரு கொடுமையைக் கவனிக்க வேண்டும். அந்த முன்கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் அதனால் குழந்தைக்கு ஒரு பயனும் இல்லை. முதுகு வளைந்த நேரத்தில் மூளையில் சேதம் பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். மருத்துவர் சொன்னது தீர்ப்பு, எச்சரிக்கை இல்லை. இரண்டும் வேறு.

அதனால் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் முன்னே போய்த் தேடினார்கள். 1940களில், குழந்தையின் ரத்தத்தைச் சிறிது சிறிதாக எடுத்துவிட்டு வேறு ரத்தத்தை ஏற்றும் ‘ரத்த மாற்று’ முறை வந்தது. அதை எப்போது செய்வது? 1952இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் டேவிட் ஷியா, லூயிஸ் டயமண்ட் உள்ளிட்டோர் ஓர் எண்ணைத் தந்தார்கள். 100 மில்லிலிட்டர் ரத்த நீரில் பிலிருபின் 20 மில்லிகிராமைத் தாண்டினால் கெர்னிக்டெரஸ் ஆபத்து வேகமாக ஏறுகிறது என்றார்கள். அறிகுறியைப் பார்த்துக் கணித்த காலம் போய், ரத்தத்தை அளந்து கணிக்கும் காலம் வந்தது. குழந்தை விறைப்பதற்கு முன்பே கை வைக்க முடிந்தது.

சிங்கப்பூரில் ஒரு புதிர்

மேலைநாடுகளில் கெர்னிக்டெரஸுக்குப் பெரிய காரணமாக இருந்தது தாய்க்கும் சேய்க்கும் இடையிலான ரத்த வகை முரண்பாடு. தாய் ஆர்எச் நெகட்டிவ், குழந்தை ஆர்எச் பாசிட்டிவ் என்றால் தாயின் உடல் குழந்தையின் சிவப்பணுக்களை எதிரியாக நினைத்து உடைக்கும்.

ஆனால் சீனர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் ஆர்எச் நெகட்டிவ் மிக அரிது. அப்படியிருந்தும் சிங்கப்பூரில் குழந்தைகள் கெர்னிக்டெரஸில் இறந்துகொண்டிருந்தார்கள். பாடப்புத்தகம் சொன்ன காரணம் இந்த ஊருக்குப் பொருந்தவில்லை. அப்படியானால் சிவப்பணுவை உடைப்பது எது?

விடையின் முதல் துண்டு வேறொரு நாட்டிலிருந்து வந்தது. மலேரியா மருந்தான பிரைமாகுயின் சாப்பிட்டவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் சிவப்பணு உடைகிறது என்று அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 1956இல் காரணம் தெரிந்தது. அவர்களின் சிவப்பணுவில் ‘ஜி6பிடி’ என்ற நொதி குறைவு. சிவப்பணுவுக்கு அது ஒரு கவசம் மாதிரி. கவசம் இல்லாத அணு, சில வேதிப்பொருள்கள் பட்டதும் உடைந்துபோகும். தாயிடமிருந்து எக்ஸ் குரோமோசோம் வழியாக இந்தக் குறை வருவதால் ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம்.

இரண்டாவது துண்டு இங்கேயே கிடைத்தது. சிங்கப்பூரில் காரணம் புரியாத கெர்னிக்டெரஸ் வந்த குழந்தைகளிடம் இந்த நொதிக்குறை இருப்பதை ஸ்மித், வெல்லா என்ற இருவர் 1960இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். கிரீஸிலும் இத்தாலியிலும் அதே ஓரிரு ஆண்டுகளில் இதே தொடர்பு தெரியவந்தது.

அதைப் பெரிய அளவில் தொடர்ந்து ஆராய்ந்தவர் பேராசிரியர் வோங் ஹொக் பூன். 1960களில் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்தவர். பின்னாளில் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றின் தலைப்பே ‘சிங்கப்பூர்க் கெர்னிக்டெரஸ்’. நோய்க்கு ஊர்ப் பெயர் வைக்கும் அளவுக்கு இங்கே அது தனித் தன்மையோடு இருந்தது.

அவர் மருத்துவமனையோடு நிற்கவில்லை, வீட்டு அலமாரியையும் பார்த்தார். குழந்தைத் துணிகளுக்கு நடுவே போட்டு வைக்கும் அந்துருண்டை, அதாவது பாச்சை உருண்டை, நாப்தலின் என்ற பொருளால் ஆனது. ஜி6பிடி குறைவான குழந்தைக்கு அந்தத் துணியை உடுத்தினால் அதுவே சிவப்பணுவை உடைக்கப் போதும். சீன வீடுகளில் பச்சிளங் குழந்தைக்குக் கொடுத்துவந்த ‘ஹுவாங் லியன்’ என்ற மூலிகை வேரின் மேலும் சந்தேகம் விழுந்தது. அன்போடு செய்த காரியமே ஆபத்தாக முடியலாம் என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

1965: தொப்புள்கொடியில் கிடைத்த பதில்

இப்போது வரலாற்றின் முக்கியத் திருப்பத்துக்கு வருவோம். காரணம் பிறவியிலேயே இருக்கிறது என்றால், மஞ்சள் ஏறும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? பிறந்த நிமிடத்திலேயே தெரிந்துகொள்ளலாமே! பிரசவம் முடிந்ததும் வெட்டி எறியப்படும் தொப்புள்கொடியிலேயே சோதனைக்கு வேண்டிய ரத்தம் இருக்கிறது. குழந்தையை ஊசியால் குத்தக்கூட வேண்டியதில்லை.

1965 முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்யும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. மாணவர்களே, இந்த ஆண்டை நினைவில் வைப்பது சுலபம். நாடு தனித்து நின்ற அதே ஆண்டு.

அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்க. தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்டாங் கர்பாவ் மருத்துவமனையில் 1966இல் மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் அத்தனை பிரசவம் என்பது கின்னஸ் சாதனையாகவே பதிவானது. நம்மில் பலருடைய அப்பா அம்மா பிறந்த இடம் அது. கட்டிலுக்கே நெருக்கடியாக இருந்த அந்தக் காலத்தில், குறை இருப்பதாகத் தெரிந்த குழந்தைகளை உடனே வீட்டுக்கு அனுப்பாமல், ஆபத்தான முதல் நாள்கள் கடக்கும்வரை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தார்கள். பிலிருபினை அளந்தார்கள். ஏறினால் ரத்த மாற்று செய்தார்கள். பிறகு ஒளிச்சிகிச்சையும் வந்தது.

ஒளிச்சிகிச்சைக்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு. இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில், ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற தலைமைத் தாதி, காமாலைக் குழந்தைகளை வெயில் காய வெளியே கொண்டுபோவார். 1956இல் ஒரு நாள் அவர் ஒரு குழந்தையை மருத்துவர்களிடம் காட்டினார். வெயில் பட்ட இடமெல்லாம் மஞ்சள் குறைந்திருந்தது. துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. ரிச்சர்ட் கிரெமர் குழுவினர் அதை வைத்து விளக்கொளிக் கருவி செய்து 1958இல் வெளியிட்டார்கள். ஒரு தாதியின் கூர்ந்த கவனிப்பு உலகம் முழுக்கக் குழந்தைகளைக் காத்தது.

சிங்கப்பூரில் விளைவு என்ன? பிறந்த ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு இந்தக் குறை இருப்பது சோதனைகளால் தெரியவந்தது. சீன, மலாய் ஆண் குழந்தைகளை விட இந்திய ஆண் குழந்தைகளிடம் குறைவு. அதற்காக இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அன்று குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த கெர்னிக்டெரஸ் மறையத் தொடங்கியது. கடந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அது இங்கே காணக் கிடைக்காத நோயாகிவிட்டது.

இங்கே ஒரு நேர்மையான குறிப்பும் சேர்க்க வேண்டும். ஹுவாங் லியனில் உள்ள பெர்பெரின் என்ற பொருளுக்கு 1978இல் தடை வந்தது. மேலும் ஆய்வுகள் நடந்த பிறகு, 2010களில் அந்தத் தடை படிப்படியாக விலக்கப்பட்டது. எச்சரிக்கைப் பட்டியலையும் காலம் மறுபடி சோதிக்கும். அறிவியல் வரலாறு என்பது அதுதான். தடை நீங்கியதாலேயே மருத்துவரைக் கேட்காமல் கைக்குழந்தைக்கு மூலிகை கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சென்னை சொன்ன அதே பாடம்

இது ஒரு நோய்க்கு மட்டும் உரிய பாடமா? இல்லை. மூளையைத் தாக்கும் வேறொரு நோயில், நம் மக்கள் அதிகம் வாழும் வேறொரு நகரமும் இதையே கண்டது.

காசநோய் மூளை உறையைத் தாக்கினால் குழந்தைகளுக்கு மிகக் கடுமையான மூளைக்காய்ச்சல் வரும். ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன் அதிலிருந்து தப்பிய குழந்தை ஏறக்குறைய இல்லை. 1948இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நோயாளிகளை மூன்று நிலைகளாகப் பிரித்தது. முதல் நிலையில் நினைவு தெளிவாக இருக்கும். இரண்டாவதில் குழப்பமும் நரம்புக் கோளாறும் தெரியும். மூன்றாவதில் ஆழ்ந்த மயக்கம்.

சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் குழந்தைகளுக்கு மூன்று விதமான கூட்டு மருந்துத் திட்டங்களைச் சோதித்து 1986இல் முடிவுகளை வெளியிட்டது. நல்ல மருந்து கிடைத்தும் கால் பங்குக்குச் சற்று மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றில் ஒரு பங்கினர்தான் முழுதாகக் குணமானார்கள். மீதிப்பேர் ஏதாவதொரு நரம்புக் குறையோடு வாழ வேண்டியதாயிற்று. முடிவை வலுவாகத் தீர்மானித்தவற்றில் ஒன்று, மருத்துவமனைக்குள் நுழையும்போது குழந்தை எந்த நிலையில் இருந்தது என்பது.

அதாவது சிகிச்சை அறையின் கதவைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை எழுதப்பட்டுவிடுகிறது. அப்படியானால் அந்த விடையை மாற்ற, கதவுக்கு வெளியே, இன்னும் முன்னதாகத்தான் வேலை செய்ய வேண்டும்.

மறந்தால் திரும்பி வரும்

“இதெல்லாம் பழைய கதைதானே?” என்று நீங்க கேட்கலாம். அமெரிக்காவைப் பாருங்கள். 1990களில் தாயையும் சேயையும் ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் அங்கே பரவியது. பிலிருபின் உச்சத்துக்குப் போவது அதற்குப் பிறகு. மறைந்துவிட்டதாக நினைத்த கெர்னிக்டெரஸ் மறுபடி தலைகாட்டியது. அங்கே பதிவான 125 குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஜி6பிடி குறை இருந்தது.

1999இல் வினோத் பூட்டானி குழுவினர் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம், பிலிருபின் எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பின்னால் ஆபத்தான அளவுக்கு ஏறுமா என்று வீட்டுக்கு அனுப்பும் முன்பே கணிக்கலாம். 20ஆம் மணி நேரத்தில் உள்ள ஓர் எண்ணும் 80ஆம் மணி நேரத்தில் உள்ள அதே எண்ணும் ஒன்றல்ல என்பதுதான் அதன் அடிப்படை.

சிங்கப்பூரில் இன்றும் தொப்புள்கொடிச் சோதனை தொடர்கிறது. பச்சிளங் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் புக்கிட் மேரா போன்ற பலதுறை மருந்தகங்களில் காமாலை அளவு பார்க்கக் காத்திருப்பது வழக்கமான காட்சி. “சும்மா மஞ்சள்தானே, எதுக்கு இத்தனை தடவை?” என்று அலுத்துக்கொள்ளும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால், இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

கணிப்பு சொல்லாதது

ஆசிரியர்களான நமக்கு இன்னொரு செய்தியும் இதில் உண்டு. கெர்னிக்டெரஸிலிருந்து பிழைத்த பலருக்கு அசைவும் கேள்வியும் பேச்சும் பாதிக்கப்பட்டாலும், அறிவு அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. கை முறுக்கும், வாய் கோணும், சொல் வெளியே வராது. ஆனால் உள்ளே பிள்ளை புரிந்துகொண்டிருக்கும். வெளியே பார்த்தவர்கள் ‘இதற்கு ஒன்றும் தெரியாது’ என்று முடிவு கட்டிவிட்டார்கள். சிங்கப்பூரில் பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளுக்கான சங்கம் 1957இல் தொடங்கப்பட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட குடும்பங்களின் தேவை இருந்தது.

மருத்துவக் கணிப்பு ‘இந்தக் கை எழுதுமா’ என்று சொல்லக்கூடும். ‘இந்தப் பிள்ளை என்ன நினைக்கிறது’ என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கும் வேலை பெற்றோருக்கும் நமக்கும் உரியது. வகுப்பில் மெதுவாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு இன்னும் அரை நிமிடம் கொடுப்பதும் அந்த வேலையில் சேரும்.

தேர்வு எழுதுவோருக்கு

அறிவியல் வரலாற்றைக் கட்டுரையாக எழுதும்போது ஆண்டுகளை அடுக்கினால் மட்டும் போதாது. ஒவ்வோர் ஆண்டும் எந்தக் கேள்விக்குப் பதில் தந்தது என்று எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் வரிசை இப்படிப் போகிறது: 1904இல் நோய்க்குப் பெயர், 1952இல் ஆபத்தின் அளவு, 1956இல் நொதிக்குறை, 1960இல் சிங்கப்பூரோடு தொடர்பு, 1965இல் பிறப்பிலேயே சோதனை, 1999இல் மணிக்கணக்கான வரைபடம்.

வகுப்பில் பேச மூன்று கேள்விகள்:

1. ‘தீர்ப்பு’, ‘எச்சரிக்கை’ என்ற இரு சொற்களுக்கும் உள்ள பொருள் வேறுபாட்டை இந்த வரலாற்றிலிருந்து சான்று காட்டி விளக்குக.

2. மேலைநாட்டுப் பாடப்புத்தகத்தின் விளக்கம் சிங்கப்பூருக்கு ஏன் பொருந்தவில்லை? உள்ளூர் ஆராய்ச்சியின் தேவையைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.

3. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், பிறந்த குழந்தைக்குக் காமாலை வந்தால் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு வாருங்கள். இன்றைய மருத்துவம் அவற்றில் எதை ஏற்கிறது, எதைத் தவிர்க்கச் சொல்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.